மலேயா கணபதி: கைதிலிருந்து தூக்கு வரை 64 நாள்

எங்க ஊர் குரங்கணி. போடிநாயக்கனூர்ல இருந்து மேற்கே மலையடிவாரம். எங்க பக்கத்து ஆட்கள் விடிகாலையில ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கேன். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போனது. அந்தத் தேயிலையைப் பறிச்சதும் நம்ம ஆட்கள்தான்.

மலை ஏறினவங்க ஒரு பக்கம், அதே காலத்தில் கப்பல் ஏறினவங்க இன்னொரு பக்கம். கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்து, மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். அப்படிப் போன தொழிலாளிகளின் தலைவராக இருந்து, தூக்கில் முடிந்த ஒருவரின் கதை இது. பெயர் எஸ்.ஏ. கணபதி. மலேயா கணபதி என்று சொன்னால் நம்ம தாத்தா தலைமுறைக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

கணபதி பிறந்தது தஞ்சாவூர் மாவட்டம் தம்பிக்கோட்டையில். சின்ன வயசிலேயே கடல் கடந்து போய்விட்டார். 1942-இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தது. அடுத்த மூன்றரை வருஷம் தோட்டத் தமிழர்களுக்கு நரகம். சயாம் ரயில் பாதை போடப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். அதில் ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை. அந்தக் காலத்தில்தான் கணபதி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றினார்.

1945-இல் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள். அரிசி விலை ஏறிக் கிடக்கு, கூலி மட்டும் அப்படியே. தோட்டத்திலும் துறைமுகத்திலும் சங்கங்கள் முளைத்தன. கணபதி அதில் முழுநேரமாக இறங்கினார். அவர் ஒரு கம்யூனிஸ்ட், அதை மறைக்க வேண்டியதில்லை. சுமார் 3 லட்சம் உறுப்பினர்கள் இருந்த அகில மலேயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் தமிழரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்ததுதான் அந்தச் சம்மேளனத்தின் பலம். தோட்ட முதலாளிகளுக்குப் பெரிய தலைவலியும் அதுதான்.

1948 ஜூனில் எல்லாம் தலைகீழானது. முதலில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சம்மேளனத்தின் பதிவு போனது. அதே மாதம் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசு அவசரநிலை அறிவித்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போனார்கள். 1960 வரை அந்தச் சண்டை நீடித்தது.

அவசரநிலை விதிகளில் ஒன்று இப்படி: அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. சுட்டிருக்க வேண்டாம், யாரையும் கொன்றிருக்க வேண்டாம். கையில் இருந்தாலே போதும். நீதிபதி வேறு தண்டனை கொடுக்க நினைத்தாலும் முடியாது. நம்ம பாஷையில் சொன்னால், இஃப் கண்டிஷன் இருக்கு, எல்ஸ் கிடையாது.

இதே 1948-இல் லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? ஏப்ரலில் மக்களவை, கொலைக் குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை ஐந்து வருஷம் நிறுத்தி வைக்கலாம் என்று வாக்களித்தது. பிரபுக்கள் சபை ஜூனில் அதை நிராகரித்தது. சொந்த ஊரில் கொலைகாரனைத் தூக்கில் போடலாமா என்று விவாதம். சில வாரத்தில், அதே அரசு ஆண்ட மலேயாவில் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கே கட்டாயத் தூக்கு.

1949 மார்ச் 1. சிலாங்கூரில் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அருகே கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அது வழியில் கிடந்தது, போலீஸில் ஒப்படைக்க எடுத்துப்போனேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் நம்பவில்லை. இரண்டே வாரத்தில் மரண தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடி. சுல்தானுக்குப் போன கருணை மனுவும் தள்ளுபடி. சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத இந்திய அரசு, தண்டனையைக் குறைக்கச் சொல்லி பிரிட்டனிடம் கேட்டுப் பார்த்தது. பலன் இல்லை.

மே 3-ஆம் தேதி, சிங்கப்பூர் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த வீரசேனன் பாதுகாப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் மே 4, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். கைதிலிருந்து தூக்கு வரை 64 நாள். நம்ம ஒரு செமஸ்டர்கூட இதைவிட நீளம்.

கணபதி சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். காட்டில் நடப்பது சண்டை, அவர் ஒரு பக்கத்து ஆள் என்றே வைத்துக்கொள்வோம். தோட்ட நிர்வாகிகளைக் கொன்றதும் கொலைதான், அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் கணபதி மேல் கொலை வழக்கு எதுவும் இல்லை. ஒரு துப்பாக்கி, ஆறு தோட்டா. அதற்கு ஒரு உயிர்.

கணபதியோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் சாம்பசிவம். இவரும் மலேயாத் தமிழர். இவரும் அதே விதியின் கீழ் மாட்டினார். 1948 செப்டம்பரில் ஜோகூரில் நடந்த ஒரு மோதலில் படுகாயத்தோடு பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்தது இன்னொன்று. முதல் விசாரணையில் தோட்டா குற்றச்சாட்டிலிருந்து விடுதலை ஆகிவிட்டார். துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை, அதில் தூக்குத் தண்டனை. அந்த மறுவிசாரணையில், அவர் கொடுத்ததாகச் சொன்ன ஒரு வாக்குமூலத்தைச் சாட்சியமாக வைத்தார்கள். அதில் துப்பாக்கி, தோட்டா ரெண்டுமே இருந்தது. தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கனவே விடுதலையானவர் என்பதை, நீதிபதியுடன் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் அசெசர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-இல் அங்கே தீர்ப்பை ரத்து செய்தார்கள். சாம்பசிவம் தூக்கிலிருந்து தப்பினார். இன்றைக்கும் காமன்வெல்த் நாடுகளில் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ரெண்டு பேர் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதே விதி, அதே அவசரநிலை, அதே தண்டனை. சாம்பசிவத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் கிடைத்தது. கணபதிக்கு மொத்தமே 64 நாள். அவர் வழக்கிலும் தப்பு இருந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இருந்திருந்தாலும் திருத்த ஆள் உயிரோட இல்லை என்றுதான் சொல்கிறேன். ஒரு பேப்பரில் போனால் நமக்கு ரீவேல்யுவேஷன் உண்டு. மனுஷன் திருத்துற பேப்பர்ல தப்பு வரும்னு யுனிவர்சிட்டிக்கே தெரியும். மனுஷன் எழுதுற தீர்ப்பு மட்டும் எப்படித் தப்பாம வரும்?

கணபதி மட்டும் இல்லை. அந்த அவசரநிலைக் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

பிறகு காலம் மெதுவாக மாறியது. பிரிட்டன் 1965-இல் கொலைக்கான தூக்கை நிறுத்தியது, 1969-இல் அதை நிரந்தரமாக்கியது. இந்தியாவில் 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்யவில்லை, ஆனால் அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும் என்று சுருக்கியது. 1983-இல் மிட்டு வழக்கில், ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்ற சட்டப்பிரிவையே செல்லாது என்றது. நீதிபதி யோசிக்க இடமே கொடுக்காத சட்டம் நியாயமான சட்டம் இல்லை என்பதுதான் அதன் சாரம். கணபதியைக் கொன்றதும் அந்த மாதிரிச் சட்டம்தான்.

மலேசியா 2023-இல்தான் கட்டாய மரண தண்டனையை நீக்கியது. கணபதி போய் 74 வருஷம் கழித்து. பக்கத்தில் சிங்கப்பூரில் குறிப்பிட்ட எடைக்கு மேல் போதைப்பொருள் கொண்டுவந்தால் தூக்கு இன்னும் இருக்கு. 2022 ஏப்ரலில் ஒரு மலேசியத் தமிழரை அங்கே தூக்கிலிட்டார்கள். அவர் கொண்டுவந்தது சுமார் 43 கிராம் ஹெராயின்.

புடு சிறை இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய ஷாப்பிங் மால் கட்டிவிட்டார்கள். பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். வேலைக்கோ டூருக்கோ நம்மில் யாராவது ஒருநாள் கோலாலம்பூர் போவோம், அந்த மாலுக்கும் போவோம். அந்த வாசலைத் தாண்டும்போது, தம்பிக்கோட்டைக்காரர் ஒருத்தர் இதன் வழியாக உள்ளே போய்த் திரும்பி வரவில்லை என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுங்க.