மரங்களை எண்ணிய மாமனிதர்

நுழையுமுன்

வெட்டப்பட்ட காடு தானாகவே மீண்டும் தழைக்குமா? தழைக்க வேண்டுமெனில் மனிதன் செய்ய வேண்டுவது யாது, செய்யக் கூடாதது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

டைட்ரிச் பிராண்டிஸ் 1824ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் பான் நகரில் பிறந்தார். தந்தையார் மெய்யியல் பேராசிரியர். மைந்தரின் உள்ளமோ செடிகொடிகளை நாடியது. தாவரவியலைக் கற்றுத் தேர்ந்த அவர், பான் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அமைதியான அவ்வாழ்வு 1856ஆம் ஆண்டில் திசை மாறியது. ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த பர்மாவின் பெகு பகுதியில் தேக்குக் காடுகளைப் பேணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கோல்களில் பதிந்த கணக்கு

கப்பல் கட்டுவதற்குத் தேக்கு பெரிதும் வேண்டப்பட்ட காலம் அது. வணிகர்கள் பருத்த மரங்களைத் தேடித் தேடி வீழ்த்தினர். காட்டில் எத்தனை மரங்கள் உள்ளன, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்பதை எவரும் கணக்கிட்டிலர்.

பிராண்டிஸ் யானை மீதமர்ந்து காடெங்கும் சென்றார். இடக்கையில் நான்கு கோல்கள். வலக்கையில் சிறு கத்தி. ஒவ்வொரு கோலும் மரத்தின் ஒரு பருமனுக்கு உரியது. வழியின் இருமருங்கிலும் தேக்கு தென்படுந்தோறும், அதற்குரிய கோலில் ஒரு கீறல் இட்டார். அடைமழையில் தாள் நனைந்துவிடும். கோலில் இட்ட கீறல் அழியாது.

இரண்டாம் தர மரம் முதல் தர மரமாக வளர 24 ஆண்டுகள் ஆகும் என அவர் கணித்தார். எனவே முதிர்ந்த மரங்களில் 24இல் ஒரு பங்கை மட்டுமே ஓராண்டில் வெட்ட வேண்டும் என வரையறுத்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் குடும்பத் தலைவரின் சிக்கனம் இது. வணிகர்கள் சினந்தனர், அவர் தளரவில்லை.

புனத்தில் வளர்ந்த தேக்கு

பர்மாவின் மலைகளில் வாழ்ந்த கரேன் மக்கள், காட்டை எரித்துப் புனம் அமைத்து நெல் விளைத்தனர். பின்னர் அந்நிலத்தை விட்டு வேறிடம் சென்றனர். அரசு இதனைக் குற்றமாகக் கருதியது. பிராண்டிஸோ அம்மக்களின் உழைப்பையே காட்டுக்குத் துணையாக்கினார். நெல்லோடு தேக்கையும் வரிசையாக நட்டால் கூலி வழங்கப்பட்டது. அவர்கள் நீங்கிய பின் அங்கே இளந்தேக்குகள் ஓங்கின. ‘டாங்யா’ எனப்படும் இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. ஆயினும் அம்மக்கள் காலங்காலமாக உழைத்த புனங்கள் அரசின் தேக்குத் தோட்டங்களாயின என்பதையும் மறத்தலாகாது.

இந்தியாவின் வனத்தலைவர்

1864ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். 1878ஆம் ஆண்டில் டேராடூனில் வனப்பள்ளி தோன்றுவதற்கு அவரே காரணர். அதே ஆண்டில் புதிய வனச்சட்டம் இயற்றப்பட்டது. அரசுக் காடுகளோடு ஊர்க்காடுகளும் அமைய வேண்டும், மக்களின் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என அவர் வாதிட்டார். சட்டத்தில் ஊர்க்காடுகளுக்கு இடம் கிடைத்தது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. விறகும் மேய்ச்சலும் இழந்த சிற்றூர்கள் பல.

தென்னாட்டில்

1881ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு வந்த அவர், அங்குள்ள வன ஆட்சியைச் சீரமைக்க வழிகாட்டினார். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் அக்காலத்தில் உருவானதே. மாகாண எல்லைக்கு அப்பால், மைசூர் நாட்டுக் கோலாரில் தங்கச் சுரங்கங்கள் ஆழம் கண்ட காலமும் அதுவே. மைசூர் மைன்ஸ் முதலிய சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்க மரமும், நீராவி எந்திரங்களுக்கு எரிபொருளும் வேண்டியிருந்தன. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரும்வரை அத்தேவை தணியவில்லை.

இப்பகுதியின் வறண்ட காடுகளில் உசில் போன்ற மரங்கள் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. தரையை ஒட்டி வெட்டி, சில ஆண்டுகள் ஆடுமாடுகள் கடியாமல் காத்தால் நடாமலே காடு மீளும். காவாவிடில் வேரும் சோர்ந்து மடியும்.

மக்கள் தாமாகவே காத்த காடுகளும் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஏலகிரியின் சாமி சோலையையும் குடகின் தேவர காடுகளையும் அவர் தம் எழுத்தில் குறிப்பிட்டுள்ளார்.

நெருப்பு கற்பித்த பாடம்

கோடைதோறும் பரவும் தீயைத் தடுத்தால் கன்றுகள் பிழைக்கும் என்பது பிராண்டிஸின் உறுதியான கொள்கை. அவர் பணி நிறைவுற்ற பின், 1890களில் பர்மாவின் வன அலுவலர்கள் மற்றோர் உண்மையைக் கண்டனர். ஈரம் மிகுந்த காட்டில் தீ தடுக்கப்பட்டதும் மூங்கிலும் நிழல்விரும்பிச் செடிகளும் அடர்ந்தன; ஒளி விரும்பும் தேக்கின் கன்றுகள் அவற்றின் கீழே நலிந்தன. தீயில் தண்டு கருகினும் வேரிலிருந்து மீளத் துளிர்க்கும் ஆற்றல் தேக்குக் கன்றுக்கு உண்டு. ஒரு காட்டுக்கு நன்மை செய்த முறை மற்றொரு காட்டுக்குத் தீங்காகலாம் என்பது அப்போது புலனாயிற்று.

இறுதிக் காலம்

1883ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற பிராண்டிஸ், முதுமையிலும் உழைப்பை விட்டாரல்லர். இந்திய மரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1906ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள், பிறந்த ஊரான பான் நகரிலேயே அவர் மறைந்தார். காட்டை ஆள்வதற்கு முன் அதனை எண்ணி அறிய வேண்டும் என்னும் அவரது நெறி இன்றும் வனவியலின் முதற்பாடமாக விளங்குகிறது.

சொற்பொருள்

புனம் – மலைச்சரிவில் காடு திருத்திய விளைநிலம்
மருங்கு – பக்கம்
நலிதல் – மெலிதல்
ஏட்டளவில் – எழுத்தில் மட்டும்

சிந்தித்து எழுதுக

1. பிராண்டிஸ் தாளுக்கு மாற்றாகக் கோல்களைப் பயன்படுத்தியது ஏன்?
2. டாங்யா முறையால் காடு பெற்றது யாது? கரேன் மக்கள் இழந்தது யாது?
3. வறண்ட காட்டில் வெட்டிய மரம் மீண்டும் தழைக்கச் செய்ய வேண்டுவன யாவை?