கோத்தகிரியில் சல்லிவன்

மலைகள் நாட்டிற்கு அரண் என்பர் சான்றோர். அவை அரண் மட்டும் அல்ல. ஆறுகளுக்குத் தாயும் ஆகும். மலையின் நலம் கெடுமாயின் சமவெளியின் நலமும் உடன் கெடும். இவ்வுண்மையை நன்கு உணர்தற்கு நீலமலையின் வரலாறு பெரிதும் துணைபுரியும். அவ்வரலாற்றோடு பிரிக்கவியலாது பிணைந்த பெயர்களுள் ஒன்று ஜான் சல்லிவன் என்பது. அயல்நாட்டிற் பிறந்து, அயலவர் ஆட்சியின் அலுவலராய் வந்தவராயினும், இம்மலைநிலத்திற்கு உரியவர் யாவர் என்னும் வினாவை எழுப்பி, அதற்காக வாதாடியவர் அவர். அதனாலேயே அவர் வாழ்க்கை நாம் கற்றற்குரியதாகின்றது.

சல்லிவன் 1788-ஆம் ஆண்டு சூன் திங்கள் 15-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தராய் அமர்ந்து சென்னைக்கு வந்தார். பல பதவிகளை வகித்தபின், கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சித் தலைவரானார். அம்மாவட்டத்தின் வடமேற்கெல்லையில், வானளாவி, நீலநிறம் போர்த்து நின்ற மலைத்தொடர் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அம்மலையைப்பற்றி வியத்தகு கதைகள் பல அந்நாளில் வழங்கின. அவற்றுள் மெய் எது, பொய் எது என நேரிற் கண்டறிய விழைந்தார் அவர்.

நீலமலையை முதன்முதற் கண்டவர் சல்லிவனே என்று கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. எண்ணற்ற தலைமுறைகளாகத் தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் முதலிய மக்கள் அம்மலையில் வாழ்ந்துவருகின்றனர். தொதவர் எருமை மேய்த்தனர். கோத்தர் இரும்பும் மண்ணும் மரமும் கொண்டு கருவிகள் வனைந்தனர். படகர் நிலத்தை உழுது தானியம் விளைத்தனர். குறும்பரும் இருளரும் காட்டுப்பொருள்களைத் தேடிக் கொணர்ந்தனர். காசு வழங்காமலேயே ஒருவர் பொருளை மற்றவர் பெற்று அவர்கள் இணங்கி வாழ்ந்தனர். கோத்தர் வாழும் மலை ஆதலின் கோத்தகிரி எனப் பெயர் எய்திற்று ஓர் ஊர். ஐரோப்பியருள்ளும், 1603-ஆம் ஆண்டில் பெனிசியோ என்னும் பாதிரியார் மேற்குப் புறமாக ஏறி வந்தார். 1812-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கீசு வந்தார். 1818-ஆம் ஆண்டில் விசு, கிண்டர்சிலி என்னும் இளம் அலுவலர் இருவர் ஏறிச் சென்று மீண்டனர். இவர்தம் சொற்களே சல்லிவனின் ஆவலுக்கு மேலும் தூண்டுகோலாயின.

1819-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2-ஆம் நாள் சல்லிவன் தம் பயணத்தைத் தொடங்கினார். வீரர் சிலர் உடன் சென்றனர். அந்நாளில் வண்டி செல்லும் வழி இல்லை. அடர்ந்த காடும், செங்குத்தான பாறைகளும், வனவிலங்குகளும், மலையடிவாரத்துக் காய்ச்சலும் வழிப்போவாரை வருத்தின. உடன் சென்றோருள் சிலர் உயிரும் இழந்தனர். ஆறு நாள் அரும்பாடுபட்டு ஏறிய பின்னர், கோத்தகிரிக்கு அண்மையில் உள்ள திம்பட்டிப் பள்ளத்தாக்கினை அடைந்தார். ஆங்கு அவர் கண்ட காட்சி அவரைப் பிணித்துவிட்டது. மேட்டு நிலமெங்கும் பசும்புல் பரந்திருந்தது. மடுக்களிலே சோலைகள் செறிந்திருந்தன. அவற்றின் நடுவே தெளிந்த அருவிகள் ஓடின. குளிர்காற்று உடலுக்கு ஊக்கம் தந்தது.

அன்றுமுதல் சல்லிவன் மலையை மறந்திலர். அவ்வாண்டிலேயே கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கு என்னும் இடத்தில் ஒரு மனை எடுப்பித்தார். மலைமீது ஐரோப்பியர் கட்டிய முதல் இல்லம் அதுவே என்பர். பிற்காலத்தில் சிதைந்து கிடந்த அம்மனை, செப்பனிடப்பட்டு, இப்பொழுது நினைவில்லமாக விளங்குகின்றது. 1820-ஆம் ஆண்டில் என்றியேட்டா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரும் கணவருடன் மலையேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை அமைக்கும் பணி 1821-ஆம் ஆண்டில் மாக்பெர்சன் என்னும் படையலுவலர் மேற்பார்வையில் தொடங்கி, 1823-ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. கால்நடையாய் ஏறிய மலையில் குதிரைகளும் பொதிமாடுகளும் ஏறலாயின.

1822-ஆம் ஆண்டில் சல்லிவன் உதகமண்டலத்தில் கல்மனை ஒன்று கட்டத் தொடங்கினார். அதற்குரிய நிலத்தைத் தொதவரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலை கொடுத்துப் பெற்றார் என்பர். அவர் உழவுத்தொழிலில் பெருவிருப்புடையவர். உருளைக்கிழங்கு, கோசு முதலிய காய்களையும், குளிர்நாட்டுக் கனிமரங்களையும், பூச்செடிகளையும் வரவழைத்துப் பயிரிட்டார். ஓடைகளைத் தடுத்து, உதகமண்டலத்தின் ஏரியை 1823-ஆம் ஆண்டு முதல் 1825-ஆம் ஆண்டிற்குள் உருவாக்கினார். 1826-ஆம் ஆண்டில் சென்னை மாநில ஆளுநர் சர் தாமசு மன்றோ மலைக்கு வந்து அவர் விருந்தினராய்த் தங்கினார். இன்று மலைமக்கள் பலர்க்கு வாழ்வளிக்கும் காய்கறிப் பயிர்த்தொழிலுக்கு வித்திட்டவர் சல்லிவனே எனலாம்.

எனினும் அவர் வாழ்வில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது பிறிதொன்று. மலையின் புகழ் பரவப் பரவ, நிலம் வேண்டி வந்தோர் பெருகினர். 1828-ஆம் ஆண்டில் உதகமண்டலம் படைத்துறையினரின் பொறுப்பில் ஒப்புவிக்கப்பட்டது. இந்நிலம் யாருடையது என்னும் வினா அப்போது எழுந்தது. உழாமல் விட்ட புல்வெளி ஆதலின் அஃது அரசுக்கே உரியது என்றனர் ஒரு சாரார். சல்லிவன் அதனை ஒப்பவில்லை. தொதவரே அந்நிலத்தின் தொன்றுதொட்ட உரிமையாளர். உழவர் தம் விளைவில் ஒரு பகுதியை அவர்க்கு அளித்து வருவதே அதற்குச் சான்று. ஏர் பூட்டிய நிலத்திற்கு உள்ள உரிமை எருமை மேய்த்த நிலத்திற்கும் உண்டு. ஆகவே, அவர்தம் நிலத்தைக் கொள்வோர் அவர்க்கு ஈடு கொடுத்தே கொள்ளல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை அரசுக்கு மீண்டும் மீண்டும் எழுதி வற்புறுத்தினார். அக்காலத்து ஆளுநர் லசிங்டனின் கருத்தோ வேறாயிருந்தது. சல்லிவனே மலையில் பெருநிலம் வைத்திருந்தமையால், அவர் தந்நலம் கருதிப் பேசுகின்றார் எனக் குறை கூறினாரும் உளர். அக்குறையை முற்றும் மறுத்தல் அரிது. ஆயினும், தமக்கு மேலுள்ளோரின் வெறுப்புக்கு அஞ்சாது எளியோர் உரிமையை எடுத்துரைத்தமை மறைக்கவொண்ணாத உண்மையாகும்.

1830-ஆம் ஆண்டில் சல்லிவன் கோயம்புத்தூர்ப் பதவியினின்றும் நீங்கினார். சில ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு மீண்டு, வருவாய் வாரியத்தின் தலைவராகவும் ஆளுநரின் அவை உறுப்பினராகவும் உயர்ந்தார். அப்போதும் தொதவர் வழக்கை அவர் கைவிடவில்லை. ஆனால், 1838-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் விளைத்தது. அருமை மனைவியும் மகளும் சிலநாள் இடையீட்டில் அடுத்தடுத்து மறைந்தனர். அவ்விருவரும் உதகமண்டலத்துப் புனித ஸ்தேவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். 1841-ஆம் ஆண்டில் சல்லிவன் தாம் நேசித்த மலையையும், தம் அன்புக்குரியோர் துயிலும் மண்ணையும் பிரிந்து தாயகம் சென்றார்.

தாயகம் சென்றும் அவர் வாளா இருந்திலர். கும்பினிப் பங்காளர் அவையிலும், பாராளுமன்றக் குழுக்களின் முன்பும் இந்தியர்க்காகப் பேசினார். இந்தியர்க்கு உயர்பதவிகள் தருதல் வேண்டும் என்றும், சுதேச அரசுகளை வலிந்து விழுங்குதல் முறையன்று என்றும், இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு இடையறாது உறிஞ்சப்படுகின்றது என்றும் எடுத்துக்காட்டினார். மலைமக்களின் நிலத்திற்காக வாதாடியவர் ஒரு நாட்டின் நலத்திற்காக வாதாடியது வியப்பன்று. 1855-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள் அவர் மறைந்தார். மலையேறிய அதே சனவரித் திங்கள், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அவருக்கு இறுதித் திங்களாயிற்று. மறக்கப்பட்டுக் கிடந்த அவர் கல்லறையை, நீலமலைமீது பற்றுக்கொண்ட ஆர்வலர் அண்மைக் காலத்தில் தேடிக் கண்டறிந்தனர்.

சல்லிவன் திறந்த வழியாலே நன்மையும் வந்தது, தீமையும் வந்தது. கல்வியும் மருத்துவமும் வாணிகமும் மலையேறின. ஆனால், தொதவர்க்கு முழு உரிமை வழங்கப்படவில்லை. அவர்தம் மந்துகளைச் சூழ்ந்த சிறு பரப்பே அவர்க்கென ஒதுக்கப்பட்டது. புல்வெளிகளை அழித்து யூக்கலிப்டசு, சீகை முதலிய அயல்நாட்டு மரங்களை நட்டனர். சோலைகளை வெட்டித் தேயிலையும் காப்பியும் பயிரிட்டனர். கட்டடங்கள் பெருகின. சோலையும் புல்லும் பெய்த மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையில் சிறிது சிறிதாக ஊற்றாய் வழங்குவன. அவை அழியின், மழைக்காலத்தில் மண் சரியும். கோடையில் ஊற்று வற்றும். 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலகிரியில் பெய்த பெருமழையால் மண் சரிந்து நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மலையின் நீரே மோயாறாகவும் பவானியாகவும் இறங்கிக் காவிரியோடு கலத்தலின், இஃது மலையினர்க்கு மட்டும் உரிய துன்பம் அன்று.

இதனை உணர்ந்த மக்கள் வாளா இருக்கவில்லை. கோத்தகிரிக்கு அண்மையில் லாங்வுட் சோலை என்னும் காடு உள்ளது. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புடைய அச்சோலையே சூழவுள்ள பல சிற்றூர்களுக்கு நீர்வளம் அளிக்கின்றது. அதனைக் காத்தற்பொருட்டு உள்ளூர் மக்களே கண்காணிப்புக் குழு அமைத்துக்கொண்டனர். விறகு வெட்டுவோரைத் தடுத்தும், அயற்செடிகளை அகற்றியும், நாட்டு மரக்கன்றுகளை வளர்த்தும் பணிபுரிந்தனர். மாணவர்களைச் சோலைக்குள் நடத்திச் சென்று மரமும் பறவையும் ஊற்றும் காட்டி விளக்கம் தந்தனர். அவ்வுழைப்பின் பயனாக, 2024-ஆம் ஆண்டில் லாங்வுட் சோலை, உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

மாணவர்களே! சல்லிவன் அன்று நடந்த மலைப்பாதையில் இன்று உந்துவண்டிகள் ஓடுகின்றன. எனினும், நடந்து சென்று காண்பவர்க்கே மலை தன் இயல்பை உள்ளபடி காட்டும். உங்கள் ஊர்க்கு அருகே குன்றோ, ஏரியோ, தோப்போ இருப்பின் ஆசிரியரோடு நடந்து செல்லுங்கள். அங்குள்ள மரங்களின் பெயரைக் கேட்டறியுங்கள். நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கின்றது என ஆராயுங்கள். அந்நிலத்தை நெடுங்காலமாகப் பேணி வருவோர் யாவர் என வினவுங்கள். அறிந்தவற்றை ஊரார்க்கும் எடுத்துரையுங்கள். நிலத்தை அறியாதார் அதனைக் காத்தல் இயலாது. காவாது விட்ட நிலம் நம்மையும் காவாது. இதுவே சல்லிவன் வாழ்விலிருந்தும் நீலமலையின் வரலாற்றிலிருந்தும் நாம் கொள்ளத்தக்க படிப்பினையாகும்.