வெடிமருந்துப் பஞ்சத்தைத் தீர்த்தவர்

வீரன் கையில் துப்பாக்கி இருக்கிறது. ஈயக் குண்டும் இருக்கிறது. ஆனால் வெடிமருந்து இல்லை. அவன் என்ன செய்வான்? துப்பாக்கியைத் தடியாகத்தான் சுழற்ற வேண்டும்!

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாடு இப்படித்தான் தவித்தது. அந்தப் பஞ்சத்தைத் தீர்த்தவர் ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் லவாய்சியர்.

வக்கீல் மகன்

லவாய்சியர் 1743-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை வக்கீல். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அவரும் சட்டம் படித்தார். ஆனால் மனம் முழுவதும் விஞ்ஞானத்தில்தான் இருந்தது.

எதையும் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே நம்புவார். பொருள்கள் எரிவதற்குக் காற்றில் உள்ள பிராணவாயுதான் காரணம் என்று உலகுக்கு விளக்கியவர் அவரே.

1771-ல் மேரி என்ற பெண்ணை மணந்தார். மேரி ஆங்கிலம் கற்று, கணவருக்காக நூல்களை மொழிபெயர்த்தாள். அவருடைய கருவிகளைப் படமாக வரைந்து கொடுத்தாள்.

சுவரில் பூத்த உப்பு

அந்தக் காலத்து வெடிமருந்தில் மூன்று சரக்குகள் உண்டு: வெடியுப்பு, கரி, கந்தகம். நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்புதான். கரியும் கந்தகமும் எரியப் பிராணவாயுவைக் கொடுப்பது அதுவே.

உலகிலேயே சிறந்த வெடியுப்பு நம் நாட்டில், பீகாரில் கிடைத்தது. 1757-ல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர் திண்டாடினார்கள்.

மாட்டுத் தொழுவத்து மண்ணிலும் பழைய வீட்டுச் சுவரிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும் அல்லவா? அதைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சினார்கள். உப்பு எடுக்கும் ஆட்கள் ஜனங்களின் வீடுகளில் புகுந்து தோண்டினார்கள். தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஜனங்கள் வயிறெரிந்தார்கள்.

மருந்துத் தொழில் ஒரு குத்தகைக் கம்பெனியிடம் இருந்தது. குறிப்பிட்ட அளவு கொடுத்தால் போதும் என்பது ஒப்பந்தம். போர் வந்தாலும் அதற்கு மேல் கொடுக்கக் கட்டாயம் இல்லை!

புதிய பொறுப்பு

1775-ல் மந்திரி துர்கோ அந்தக் குத்தகையை ஒழித்தார். அரசாங்கமே மருந்துத் தொழிலை ஏற்றது. அதை நடத்த நான்கு பேர் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் லவாய்சியர்.

அவர் ஆயுதச் சாலையிலேயே குடியேறினார். அங்கேயே சோதனைக் கூடம் அமைத்தார். வெடியுப்பைச் சுத்தம் செய்ய நல்ல வழிகளைக் கண்டார். மண்ணும் சாணமும் கலந்து குவித்து, உப்பை விளைவிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். குடியிருக்கும் வீடுகளில் புகுந்து தோண்டும் வழக்கத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

சில ஆண்டுகளில் பஞ்சம் தீர்ந்தது. பிரெஞ்சு மருந்து தரத்தில் முதல் இடம் பெற்றது.

கடல் தாண்டிய உதவி

அதே 1775-ல் அமெரிக்கர் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார்கள். தளபதி வாஷிங்டன் கையிருப்பைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஒரு வீரனுக்குச் சுமார் ஒன்பது முறை சுடவே மருந்து இருந்தது! பிரான்சிலிருந்து கப்பலில் சென்ற மருந்து பின்னர் அவர்களுக்குக் கைகொடுத்தது.

உயிருக்கு வந்த ஆபத்து

1788-ல் புதுவகை மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். லவாய்சியரும் மேரியும் சற்று விலகிச் சென்ற நேரத்தில் ஆலை வெடித்தது. இருவர் மாண்டார்கள். தம்பதி தப்பினார்கள்.

1789-ல் புரட்சி வெடித்தது. ஆகஸ்டு மாதம் ஆயுதச் சாலையில் இருந்த மட்டமான மருந்தைப் படகில் ஏற்றினார்கள். நல்ல மருந்துக்கு இடம் வேண்டும் என்பதே காரணம். ஆனால் மருந்து எதிரிகளுக்குப் போகிறது என்று வதந்தி பரவியது. பஞ்சம் தீர்த்தவரையே அடித்துக் கொல்லக் கூட்டம் பாய்ந்தது! நடந்ததை விளக்கிச் சொல்லி உயிர் தப்பினார்.

துயர முடிவு

ஆனால் வேறொரு பழி காத்திருந்தது. மன்னருக்காக வரி வசூலித்த குத்தகைக் கம்பெனியில் லவாய்சியர் பங்குதாரர். ஜனங்கள் அதை அடியோடு வெறுத்தார்கள். 1793-ல் அவர் சிறைப்பட்டார்.

அப்போது பிரான்ஸ் பல நாடுகளோடு போரிட்டது. மீண்டும் மருந்துத் தட்டுப்பாடு! வீட்டு நிலவறைகளில் உப்புச் சுரண்டும்படி ஜனங்களுக்கு அழைப்பு வந்தது. அந்த வித்தையை நன்கு அறிந்தவரோ சிறைக்குள் இருந்தார்.

1794 மே 8-ந்தேதி அவர் தலை துண்டிக்கப்பட்டது. அன்றே மேரியின் தந்தையும் உயிரிழந்தார். லவாய்சியருக்கு வயது 50.

மேரி மனம் தளரவில்லை. கணவரின் கட்டுரைகளைத் திரட்டி வெளியிட்டாள். அவரிடம் தொழில் பயின்ற டூபாண்ட் என்ற இளைஞர் அமெரிக்கா சென்று, 1802-ல் மருந்து ஆலை தொடங்கினார்.

பிரான்சில் பறிபோனது ஓர் உயிர். அவர் கற்றுக் கொடுத்த வித்தையோ கடல் கடந்தும் வாழ்ந்தது.