மூதறிஞர் இராஜாஜியும் அரிசிக் கட்டுப்பாடும்

பசித்தவனுக்கு உணவளிப்பது அரசின் கடன் என்பார் ஒரு சாரார். கொடுக்கும் கையே நாளடைவில் கட்டும் கையாகிவிடும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் கட்சியைத் தமிழகத்தில் நெடுங்காலம் அஞ்சாது எடுத்துரைத்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் ஆவர். இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் தந்த பெரியாராகவே நம்மிற் பலர் அவரை அறிவோம். அரிசி மூட்டைக்காகவும் அனுமதிச் சீட்டுக்கு எதிராகவும் அவர் நடத்திய போரை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

1878ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளிக் கிராமத்தில் இராஜாஜி பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழீட்டி, 1917இல் அந்நகரசபையின் தலைவரானார். பின்னர் வருவாயைத் துறந்து காந்தியடிகளின் வழி நின்றார். கடல் தந்த உப்பை அள்ளவும் அரசின் அனுமதி வேண்டுமென்ற சட்டத்தை மீறுதற்பொருட்டு, 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்று சிறை புகுந்தார். மனிதன் உண்ணும் பொருளின்மீது அதிகாரி காவலிருப்பதை அவர் எதிர்த்தது அன்றே தொடங்கிற்று எனலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணமும் நமது இலங்கையும் ஒருங்கே இடர்ப்பட்டன. இரு கரையிலும் பங்கீடு வந்தது. ஆபத்துக் காலத்தில் அது வேண்டியதே. ஆயினும் யுத்தம் முடிந்த பின்னரும் கட்டுப்பாடு முடியவில்லை. சென்னை இராச்சியத்தில் உழவன் தன் நெல்லை அரசு குறித்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்து அரிசியை அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டு செல்வதும் குற்றமாயிற்று. விளைவு யாது? நெல் பதுங்கிற்று. கறுப்புச் சந்தை தழைத்தது. அரிசிப் பையைச் சுமந்து சென்ற ஏழையும் கள்வனைப்போல் ஒளிந்து நடக்க நேர்ந்தது.

1952 ஏப்ரலில், 73ஆம் வயதில், இராஜாஜி சென்னை முதலமைச்சரானார். சட்டசபைத் தேர்தலில் நில்லாது மேல்சபை நியமனத்தின் வழியே அவர் வந்ததைப் பலர் குறை கூறினர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் பதவியேற்ற இரண்டே மாதத்தில், ஜூன் மாதம், உணவுக் கட்டுப்பாட்டை நீக்கத் துணிந்தார். விலை வானளாவ ஏறுமெனவும் பஞ்சம் வருமெனவும் அஞ்சினோர் பலர். உழவனையும் வணிகனையும் நம்பினால் நெல் தானே வெளிவரும் என்பது அவர் துணிபு. மத்திய உணவு அமைச்சர் ரபி அகமது கித்வாயும் துணை நின்றார். அஞ்சிய கேடு நேரவில்லை. 1954இல் இந்தியா முழுவதும் அக்கட்டுப்பாடு நீங்கிற்று.

இதே காலத்தில் நமது கொழும்பில் நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்குவோம். 1953 ஜூலையில் டட்லி சேனநாயக்கா அரசாங்கம் அரிசி மானியத்தைக் குறைத்தது. 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். நம் பெரியோரிற் சிலர் அதனைச் சிறு பிராயத்திற் கண்டவர்கள். சென்னையில் விலங்கு முதலில் அவிழ்ந்தது. இங்கோ ஏழையின் கலத்திலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. மானியம் நாட்டின் கருவூலத்தை வற்றச் செய்வது மெய்யே. ஆனால் அதனை நீக்கும் முறையிலேதான் நீதியும் அநீதியும் பிரிகின்றன.

இராஜாஜி குறையற்றவர் என நாம் கூறோம். 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்து, அதனாற் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதித்தவரும் அவரே. 1953இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டுமெனத் திட்டம் வகுத்தார். சாதித் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிவைக்கும் திட்டமிதெனத் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். அரிசியில் மக்களை நம்பியவர் கல்வியில் அவர்களைக் கேளாது ஆணையிட்டார். நம்பியபோது வென்றார், ஆணையிட்டபோது வீழ்ந்தார். அவர் வாழ்க்கை நமக்குக் காட்டும் பாடம் இதனினும் வேறுண்டோ?

ஓய்வெடுக்க வேண்டிய 80ஆம் வயதில், 1959இல், கூட்டுறவுப் பண்ணை முறையையும் உரிமச் சீட்டு ஆட்சியையும் எதிர்த்துச் சுதந்திராக் கட்சியை நிறுவினார். 1967இல் அக்கட்சி இந்திய நாடாளுமன்றத்தில் 44 இடங்களைப் பெற்றது. அத்தேர்தலில் தமிழகத்தில் அவர் கூட்டுச் சேர்ந்ததோ, ரூபாய்க்குப் படி அரிசி தருவதாக வாக்களித்த தி.மு.க.வுடன்! அரசியலின் விநோதம் இது. 1972 டிசம்பர் 25இல் அவர் மறைந்தார். இரண்டாண்டுகளில் கட்சியும் மறைந்தது. அவர் எதிர்த்த உரிமச் சீட்டு முறையை 1991இல் இந்திய அரசே பெரிதும் தளர்த்திற்று.

பொரளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நாம், 2021இல் ஒரே வர்த்தமானியால் இரசாயன உரம் தடுக்கப்பட்டு உழவர் வாடியதைக் கண்டோம். 2022இல் எரிபொருளுக்காக இரவு பகலாய் வரிசையில் நின்றோம். ஆகவே இப்பெரியாரின் கதை நமக்கு அயற்கதையன்று. இளைஞர்காள்! நாளை நகரசபையிலோ பாராளுமன்றத்திலோ நீங்கள் அமரக்கூடும். மானியம் ஒன்றைக் கொடுக்கும்போது, அதன் கடனை யார் இறுப்பார் எனக் கேளுங்கள். அதனை நீக்கும்போது, யார் பசித்திருப்பார் எனக் கேளுங்கள். சட்டம் ஒன்றை இயற்றும்போது, அதற்கு ஆட்படுவோரைக் கேளாது இயற்றாதீர்கள். மூதறிஞருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.