துன்னூரைன் உஸ்மான் (ரலி): மனைவியின் மறைவுக்குப் பின்

மனைவி வபாத்தான பிறகு கொழுந்தியாளை நிக்காஹ் செய்யலாமா என்று தயங்குபவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்களை உஸ்மான் (ரலி) அவர்கள் மணந்தார்கள். இருவரும் அபீசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போர் வந்தபோது ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். மனைவியைக் கவனிக்க மதீனாவிலேயே தங்கும்படி நபியவர்கள் உஸ்மானுக்குச் சொன்னார்கள். போரில் கலந்தவர்களுக்குரிய பங்கையும் கொடுத்தார்கள். ஆனால் ருகையா (ரலி) பிழைக்கவில்லை.

ஹிஜ்ரி 3-இல் ருகையாவின் தங்கை உம்மு குல்தூம் (ரலி) அவர்களை நபியவர்களே உஸ்மானுக்கு மணமுடித்து வைத்தார்கள். ஹிஜ்ரி 9-இல் அவர்களும் வபாத்தானார்கள். நபியின் இரு மகள்களை அடுத்தடுத்து மணந்ததால்தான் உஸ்மான் (ரலி) துன்னூரைன், அதாவது இரு ஒளிகளுக்கு உரியவர் ஆனார்கள்.

சகோதரிகள் இருவரை ஒரே நேரத்தில் மணப்பதையே அந்நிஸா அத்தியாயத்தின் 23-ஆம் வசனம் தடுக்கிறது. ஒருவரின் மரணத்தோடு அந்தத் தடை நீங்கிவிடுகிறது. இங்கிலாந்துச் சட்டம் இதை 1907-இல்தான் அனுமதித்தது.

ஆனால் ஆகுமானது வேறு, கட்டாயம் வேறு. குமணன்சாவடியில் உங்கள் வீட்டில் இப்பேச்சு எழுந்தால், பிள்ளைகளைக் காட்டி அந்தப் பெண்ணை நெருக்காதீர்கள். முதலில் அவளுடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவளுக்குரிய மஹரைக் குறைவின்றிக் கொடுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.