காற்றிற் சுவடு கண்ட பேராசிரியர் மாக்

ஆகாய விமானங்களின் வேகம் மாக் ஒன்று, மாக் இரண்டு என அளக்கப்படுதலைப் பௌதிகம் பயிலும் எம் மாணவர் அறிவர். ஒரு பொருளின் வேகம் ஒலிவேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதையே அவ்வெண் உணர்த்தும். அப்பெயருக்குரியவர், படிப்புக்கு ஏற்றவனல்லன் என ஆசிரியர்களால் ஒதுக்கப்பட்ட சிறுவன் என்பதை அறிந்தவர் சிலரே.

ஏர்ணஸ்ற் மாக் 1838 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள், அன்றைய ஒஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த மொறேவியாவிற் பிறந்தார். ஒன்பதாம் வயதில் சைற்றன்ஸ்ற்ரெற்றன் மடத்துப் பாடசாலையிற் சேர்ந்தார். அங்குள்ள குருமார், இவனுக்குத் திறமையில்லை, ஒரு கைத்தொழில் பழகட்டும் என்று கூறிவிட்டனர். தந்தையார் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். மகனின் விருப்பத்துக்கிணங்கித் தச்சுத்தொழில் பழகவும் விட்டார். பிற்காலத்திற் கருவிகளை நுட்பமாக அமைத்த அக்கைகளுக்கு அத்தச்சுப் பட்டறையும் ஒரு கல்லூரியே என்பது எம் எண்ணம்.

பதினைந்தாம் வயதில் மீண்டும் பாடசாலை சென்ற மாக், 1860 இல் வியன்னா சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1864 இற் கிறாஸ் நகரிற் பேராசிரியரானார். 1867 முதல் இருபத்தெட்டு ஆண்டுகள் பிராக் நகரிற் பரிசோதனைப் பௌதிகம் கற்பித்தார்.

1870 இல் மூண்ட பிரான்சிய – பிரசியப் போரில், குண்டு பட்ட காயங்கள் குழிபோல் அகன்றிருந்தன. பிரான்சியர் வெடிக்குங் குண்டுகளைப் பயன்படுத்தினர் என்ற பழி எழுந்தது. பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ், குண்டு தன் முன்னே நெருக்கித் தள்ளிச் செல்லுங் காற்றே இதற்குக் காரணமாகலாம் என்றார். ஒரு நாட்டின் மானம் பற்றிய இவ்வழக்கிலே சாட்சியோ கண்ணுக்குத் தெரியாத காற்று. அதனைப் படம்பிடிக்க மாக் துணிந்தார்.

பிராக் நகரில் அவர் செய்த முதல் முயற்சியில் குண்டு மாத்திரம் படத்தில் விழுந்தது. அலை எதுவும் தோன்றவில்லை. காரணம் எளிது. அவருடைய கைத்துப்பாக்கிக் குண்டு ஒலிவேகமாகிய செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரை எட்டவில்லை. வேகம் மிக்க குண்டு வேண்டுமென உணர்ந்த மாக், பியூமே நகர்க் கடற்படைக் கல்லூரிப் பேராசிரியர் பீற்றர் சால்ச்சருடன் கடிதத் தொடர்பு கொண்டார். 1886 இல் அங்கே பரிசோதனை நிறைவேறியது. பறக்குங் குண்டே மின்சுற்றைப் பூர்த்தியாக்க, எழுந்த மின்பொறி கணப்பொழுது ஒளி தந்தது. நெருங்கிய காற்று அவ்வொளியைச் சிறிது வளைத்தது. வளைந்த ஒளி மட்டும் ஒரு கூரிய விளிம்பைக் கடந்து தட்டிற் பதிந்தது.

படத்தில், ஓடும் படகின் முன்னே நீர் பிளவுபடுதல் போலக் குண்டின் தலைக்கு முன்னே ஓர் அதிர்ச்சி அலை வளைந்து நின்றது. வாலிலிருந்து வேறோர் அலை; அதன் பின்னே மணிகள் கோத்தாற்போற் சுழிகள். குண்டு ஒரே காற்றைச் சுமந்து செல்லவில்லை என்பதும், அலையானது கணந்தோறும் புதிய காற்றிற் பிறக்கின்றது என்பதும் விளங்கின. வேகம் மிக மிக அலையின் கோணம் ஒடுங்கும். 1887 இல் வெளியான கட்டுரை இருவர் பெயரையும் தாங்கியது. ஆயினும் சால்ச்சரை இன்று நினைப்பார் அரியர். இது எமக்கு வருத்தந் தருகின்றது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கரி பூசிய கண்ணாடியின் மேல் மின்பொறிகளை எழுப்பி, அதிர்ச்சி அலைகள் ஒன்றையொன்று சந்திக்கும் விதத்தை மாக் ஆராய்ந்திருந்தார். அவ்வலைகள் நிலைத்து நில்லாதவை. விரிய விரியக் கோலம் மாறுபவை. பரப்பொன்றிற் படும் அலை முதலில் ஒளியைப் போலத் தெறிக்கும். சாய்வு ஓரெல்லையைக் கடந்ததும், படும் அலையும் தெறித்த அலையும் கூடி மூன்றாவதொரு வலிய அலையாகும். 1945 இல் அணுக்குண்டை நிலத்துக்கு மேல் எவ்வுயரத்தில் வெடிக்கச் செய்வதெனக் கணித்தோர் இவ்விளைவையே கருத்திற் கொண்டனர். புலனுக்கு எட்டாததை விஞ்ஞானம் ஏற்றலாகாதெனக் கருதி, அணு உண்டென்பதையே நெடுங்காலம் ஒப்பாதிருந்தவர் மாக்! அக்கொள்கையில் அவர் பிழைத்தார். ஆனால் காற்றைக் கண்ணாற் காணும்வரை ஓயாதிருக்கச் செய்ததும் அதே பிடிவாதம் அன்றோ?

1895 இல் வியன்னா அவரை அழைத்தது. 1898 இற் பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் தட்டச்சுப் பொறியை இயக்கி எழுதி வந்தார். 1901 இல் ஓய்வு பெற்றபோது பிரபுப் பட்டத்தை மறுத்து, மேற்சபை உறுப்புரிமையை மட்டும் ஏற்றார். அலைகளைப் படம்பிடிக்கும் பணியில் முன்னர்த் துணைநின்ற மகன் லுட்விக்கின் இல்லத்தில், மியூனிச் நகருக்கு அண்மையில், 1916 பெப்ரவரி 19 ஆம் நாள் காலமானார். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1929 இல், சுவிற்சலாந்துப் பொறியியலாளர் அக்கறெற் அவ்வெண்ணுக்கு மாக் எனப் பெயரிட்டார்.