சம்பளம் பாறைக்கு... ஆசை கல்லுக்கு! இந்தியாவின் வயதையே மாத்தின ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். பழைய நாணயம் சேர்க்கிறவர், தீப்பெட்டி லேபிள் ஒட்டி வைக்கிறவர், ரயில் இன்ஜின் நம்பரை நோட்டுல எழுதுறவர். நத்தம் பக்கம் மலையோர ஊர்கள்ல கூழாங்கல்லைப் பொறுக்கி டவுசர் பை கிழியக் கொண்டுவர்ற பிள்ளைகளும் உண்டு. இவங்க எல்லாருக்கும் வீட்டில் கிடைக்கிற கேள்வி ஒண்ணுதான். வேற வேலை இல்லையா?

160 வருஷத்துக்கு முன்னாடி இதே தமிழ்நாட்டில் ஒரு அரசு அதிகாரி இருந்தார். அவருக்கு வேற வேலை இருந்தது. நிறையவே இருந்தது. ஆனா அந்த வேலைக்கு நடுவுல கல் பொறுக்கினதுக்காகத்தான் அவர் பெயரை இன்னைக்கும் சொல்றோம். அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீங்க.

யார் இந்த ஃபூட்?

1834 செப்டம்பர் 22-ல் இங்கிலாந்தின் செல்டனம் நகரில் பிறந்தார். 1858-ல், 24 வயதில், இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அந்தத் துறை 1851-ல் தொடங்கப்பட்டது. எதுக்குன்னா, நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று கண்டுபிடிக்க. ஆங்கிலேய அரசுக்கு நம்ம மண்ணின் வரலாறு மேல பெரிய பாசம் எல்லாம் கிடையாது. ரயில் ஓட்ட கரி வேணும், அவ்வளவுதான்.

ஃபூட்டுக்குக் கொடுத்த வேலை, ஜில்லா ஜில்லாவாகப் போய் எந்த இடத்தில் எந்தப் பாறை இருக்கு என்று வரைபடம் போடுவது. கூடாரம், குதிரை, மாட்டு வண்டி, சுத்தியல், நோட்டு. மழைக்காலம் போக மீதி மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றணும். 33 வருஷம் இதைச் செய்தார்.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

1863 மே 30. பல்லாவரத்தில் ராணுவத்தின் பரேடு மைதானம். அங்கே கிராவல் எடுப்பதற்காக ஒரு குழி தோண்டியிருந்தாங்க. செம்புரை மண்ணும் சரளையும் கலந்த குழி. அதிலிருந்து வந்த கற்களுக்கு நடுவே ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது.

அந்தக் குழியைத் தோண்டினவங்க அதைப் பார்த்திருப்பாங்க. தினமும் அந்த வழியாகப் போன சிப்பாய்களும் பார்த்திருப்பாங்க. ஆனா யாருக்கும் அது கல்லாகத்தான் தெரிந்தது. ஃபூட்டுக்கு மட்டும் அது ஏன் கருவியாகத் தெரிந்தது?

இதுக்குப் பதில் பிரான்ஸில் இருக்கு. அங்கே அபேவில் என்ற ஊரில் பூஷே டி பெர்த் என்று ஒரு சுங்க அதிகாரி. அவருக்கும் இதே கிறுக்குதான். ஆற்றுச் சரளையில் அழிந்துபோன யானை, காண்டாமிருக எலும்புகளோடு, மனிதன் செதுக்கின கற்களும் கிடைக்குதுன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்தார். யாரும் மதிக்கல. மனிதன் பூமிக்கு வந்து ஆறாயிரம் வருஷம்தான் ஆகுதுன்னு ஐரோப்பாவில் பலர் நம்பின காலம் அது. 1859-ல் இங்கிலாந்து புவியியலாளர் ஜோசப் பிரஸ்ட்விச்சும் ஜான் எவான்ஸும் நேரில் போய்ப் பார்த்து, அந்த ஆள் சொன்னது சரிதான் என்று அறிவித்தாங்க. டார்வின் தன் புத்தகத்தை வெளியிட்டதும் அதே வருஷம்தான்.

இந்தச் செய்திகளை எல்லாம் கடல் தாண்டி வந்த பிறகும் ஃபூட் விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் ஆற்றுச் சரளையில் கிடைக்குதுன்னா இங்கே ஏன் கிடைக்கக் கூடாது என்ற கேள்வி மனசில் இருந்தது. கேள்வி இருந்ததால் கண்ணுக்குக் கல் தெரிந்தது.

சரி, அது மனிதன் செய்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தண்ணீரில் உருண்டு வந்த கல் எல்லாப் பக்கமும் மழுங்கி உருண்டையாக இருக்கும். தானாக உடைந்த கல் கண்டபடி உடைந்திருக்கும். மனிதன் செய்த கைக்கோடரியில் ஒரு ஒழுங்கு இருக்கும். இரண்டு முகத்திலும் மாற்றி மாற்றி அடித்துச் சில்லு எடுத்திருப்பாங்க. ஒவ்வொரு சில்லு பெயர்ந்த இடமும் சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். ஒரு முனை கூராக, மறுமுனை கைக்கு அடங்கும்படி தடிமனாக, பக்கத்துக்குப் பக்கம் சமமாக இருக்கும். பார்க்க பாதாம் பருப்பு மாதிரி. குவார்ட்சைட் என்ற கெட்டியான பாறையில் இதைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஒரே ஒரு கல்லை வைத்து ஊரைக் கூட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். அதே வருஷம் செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகைக்குப் போனார். அத்திரம்பாக்கத்தில் ஓடையோரம் இருவருக்கும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அதுக்கு அப்புறம் ஒன்றிரண்டு என்ற பேச்சே இல்லை. சென்னை, வட ஆற்காடு பகுதிகளில் கிடைத்தவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1866-ல் வெளியானது. இந்தியாவுக்கு வரலாற்றுக்கு முந்தைய காலம் என்று ஒன்று இருக்கு, அது ரொம்பப் பழசு என்பது இப்படித்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

மாமனாருக்கும் இதே வியாதி!

ஃபூட்டின் குடும்பக் கதையில் ஒரு சுவாரசியம். அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கினவர் அதே பெர்சிவல்தான். பிறகு சென்னைக்கு வந்து 1855-ல் தினவர்த்தமானி என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அவர் சேர்த்தது கல் இல்லை, பழமொழி! 1874-ல் வெளியான அவருடைய தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேலான தமிழ்ப் பழமொழிகள் இருக்கு. மருமகன் கல் பொறுக்க, மாமனார் ஊர்ப் பேச்சைப் பொறுக்கினார். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பாங்கன்னு நினைத்தாலே சிரிப்பு வருது.

நம்ம பக்கம் வந்தாரா?

இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985-ல் பிரிந்தது. அதுக்கு முன்னாடி திண்டுக்கல்லும் நத்தமும் மதுரை மாவட்டத்துக்குள். அந்த மதுரை ஜில்லாவையும் திருநெல்வேலி ஜில்லாவையும் பற்றிய புவியியல் அறிக்கையை எழுதினது ஃபூட்தான். 1883-ல் வெளியானது. மலைகள், பாறை வகைகள், கடலோர மணல் மேடுகள் எல்லாம் அதில் உண்டு.

சென்னையைச் சுற்றிக் கிடைத்த மாதிரி குவியல் குவியலாகக் கைக்கோடரிகள் தெற்கே கிடைக்கவில்லை. அங்கே போல நல்ல குவார்ட்சைட் உருளைக்கற்கள் இங்கே தாராளமாக இல்லை என்பது இதுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனா தூத்துக்குடி பக்கம் சாயர்புரத்தின் செம்மணல் தேரியில் வேறொன்று சிக்கியது. விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கல் சில்லுகள். நுண்கற்கருவிகள் என்கிறோம். இதையும் அவர் எடுத்து வைத்தார். தேரி மணலில் இப்படிப்பட்ட இடங்கள் பல இருப்பதை 1950-களில் ஆய்வாளர்கள் விரிவாக எழுதினாங்க.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நத்தம் என்ற சொல்லுக்கே மக்கள் குடியிருக்கும் இடம் என்றுதான் பொருள். பட்டாவில் நத்தம் புறம்போக்கு என்று பார்த்திருப்பீங்க. பாழடைந்த பழைய குடியிருப்பு மேட்டை நத்தமேடு என்பாங்க. தொல்லியல் ஆட்கள் ஒரு ஊருக்குப் போனால் முதலில் விசாரிப்பது, இங்கே நத்தமேடு எங்கே இருக்கு என்றுதான். பானை ஓடு கிடைக்கிறது அங்கேதான்.

சாம்பல் மேட்டு ரகசியம்

எனக்குக் கேட்டால், ஃபூட்டின் ஆகச்சிறந்த கண்டுபிடிப்பு பல்லாவரம் இல்லை, பெல்லாரிதான் என்பேன். கர்நாடகாவின் பெல்லாரி பகுதியில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருக்கு. சில இடங்களில் சாம்பல் உருகிக் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். ஹம்பி பக்கத்தில் இருக்கிற ஒரு மேட்டை, ராமாயண வாலியை எரித்த சாம்பல் என்று ஊர்மக்கள் சொல்றாங்க. எரிமலையா, சுண்ணாம்புச் சூளையா, மனிதர்களைக் கூட்டமாக எரித்த இடமா என்று படித்தவங்களும் ஆளுக்கொரு கதை சொன்னாங்க.

ஃபூட் சொன்ன பதில் ரொம்பச் சாதாரணமானது. மாட்டுச் சாணம். கற்கால மக்கள் மாடுகளைப் பட்டியில் அடைத்தாங்க, சேர்ந்த சாணத்தைத் திரும்பத் திரும்பக் கொளுத்தினாங்க, அதுதான் மேடாச்சு என்றார். எல்லாரும் ஏத்துக்கல. அவர் இறந்து 45 வருஷம் கழித்து, 1957-ல், ரேமண்ட் ஆல்சின் தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். உள்ளே கம்பு நட்டு வேலி போட்ட மாட்டுப் பட்டி. தரையில் மாட்டுக் குளம்புத் தடங்கள்கூட அப்படியே பதிந்திருந்தன. கிழவர் சொன்னது சரி!

இதுக்கு நடுவே சம்பள வேலையையும் அவர் கோட்டை விடவில்லை. கர்நாடகாவின் தங்கப் பாறைகள் அடங்கிய தொகுதிக்கு தார்வார் என்று பெயர் வைத்தது அவர்தான். அதை இன்றும் புவியியல் மாணவர்கள் படிக்கிறாங்க. 1884-ல் கர்னூல் பக்கம் பில்லா சுர்கம் குகைகளைத் தோண்டினார். ராணுவத்தில் இருந்த மகன் ஹென்றியும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். 1891-ல் ஓய்வு. அப்புறமும் சும்மா இருக்க முடியாமல் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு வேலை பார்த்தார். 1893-ல் குஜராத்தில் சபர்மதி ஆற்றுப் படுகையிலும் கற்கருவிகளை எடுத்தார்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

கல் சேர்த்தவர்கள் அவருக்கு முன்னும் பின்னும் நிறையப் பேர். ஃபூட்டை வேறுபடுத்துவது அவருடைய நோட்டு. எந்தக் கல் எந்த ஊரில், எந்த ஓடையோரம் கிடைத்தது, மேலே கிடந்ததா இல்லை சரளை அடுக்குக்குள் இருந்ததா, அந்த அடுக்கு என்ன வகை, எல்லாம் எழுதினார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள். ஒரு கல்லை அது கிடந்த இடத்திலிருந்து பிரித்துவிட்டால் அது வெறும் அழகான கல். இடத்தோடு சேர்த்தால்தான் சாட்சி.

அந்த நோட்டு இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்? சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் ஃபூட்டின் அத்திரம்பாக்கத்துக்கே திரும்பிப் போய் வருஷக்கணக்கில் அகழ்ந்தாங்க. அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் அவர்கள் குழு வெளியிட்டது. அதே இடத்தில், அடுத்தகட்டத் தொழில்நுட்பத்துக்கு மனிதர்கள் மாறினது சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே என்று 2018-ல் சொன்னாங்க. ஆப்பிரிக்காவிலிருந்து மனித இனங்கள் எப்போ, எப்படிப் பரவின என்ற உலக விவாதத்தில் ஒரு திருவள்ளூர் கிராமம் உட்கார்ந்திருக்கு.

ஒரு குறையும் சொல்லணும். கூடாரம் சுமந்தவங்க, வண்டி ஓட்டினவங்க, ஓடைக்கு வழி காட்டின ஊர்க்காரங்க யார் பெயரும் நமக்குத் தெரியாது. சேர்வராயன் மலையில் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடிச் சாமி இடங்களில் மக்கள் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தாங்க. சாதாரணக் கல் இல்லை என்று அவங்களுக்கும் தெரிந்திருந்தது. பத்திரமாகவும் வைத்திருந்தாங்க.

பல்லாவரத்தில் முதல் கல்லைக் கொடுத்ததும் கிராவல் குழிதான், இன்று இப்படிப்பட்ட இடங்களை லாரி லாரியாக விழுங்குவதும் கிராவல் குழிதான். உங்க ஊர்க் கண்மாய்க்கரையிலோ ஓடையிலோ சந்தேகப்படும்படி ஒரு கல்லோ பானை ஓடோ பார்த்தால் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வராதீங்க. கிடக்கிற இடத்திலேயே, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து போட்டோ எடுங்க. போனில் லொக்கேஷனைச் சேமித்துக்கோங்க. தொல்லியல் துறைக்கோ, வரலாறு தெரிந்த ஆசிரியருக்கோ அனுப்புங்க. ஃபூட் நோட்டில் எழுதினதை நம்ம போன் ரெண்டு நொடியில் செய்துவிடும்.

ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்தார் ஃபூட். நாற்பது வருஷம் சேர்த்த மொத்தச் சேகரிப்பையும் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்காக அரசு விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, ஊர் பெயர் எழுதி, பட்டியல் தயாரிப்பதுதான் கடைசிக் காலத்தில் அவருடைய வேலை. 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தார். வயது 78. அவருடைய அஸ்தி ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டது. பட்டியல் 1914-லும், அதற்கான குறிப்புகள் 1916-லும் அச்சாகி வந்தன. கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கு. கைக்கோடரிகளைப் பக்கத்தில் பார்க்கணும்னா, அத்திரம்பாக்கத்துக்கு அருகே பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகமும் இருக்கு.